மோட்டார் வண்டியின் பற்பட்டியும் அதனை மாற்றுங் காலமும்

இயந்திர உறுப்புக்களுட் பெரும்பாலானவை தாம் நோயுற்றமையை முன்னரே அறிவிப்பன. தேய்ந்த பிரேக் கட்டை கிறீச்சிடும். பழுதுற்ற பேரிங் முனகும். ஒயிலை எரிக்கும் எஞ்சின் நீலப் புகை கக்கும். சாரதி கண்ணும் செவியும் உடையவனாயின், நடுவழியில் அகப்படுமுன் கராஜை அடைந்துவிடலாம். இப்பொது விதிக்குப் புறம்பான உறுப்பொன்று மோட்டார் வண்டியில் உண்டு. கராஜ்களில் ‘டைமிங் பெல்ட்’ என்று வழங்கும் பற்பட்டியே அது. நேற்று ஓடியவாறே இன்றும் ஓடும். காலையில் ஓடியவாறே மாலையிலும் ஓடும். பின்னர் ஒரு கணத்தில் அறும். குறிப்பொன்றும் தாராத இவ்வுறுப்பை மாற்றுங் காலத்தை எதனைக் கொண்டு துணிவது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வினா எனக்கு நூலிலிருந்து எழுந்ததன்று. அம்பாறைக் கரையோரத்தில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்த பாலமுனையில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், அயலவர் ஒருவர் வாடகைக்கு வான் ஓட்டிக் குடும்பத்தைப் பேணி வந்தார். வான், நம் நாட்டார் ‘டொல்பின்’ எனப் பெயரிட்டழைக்கும் டொயோட்டா ஹைஏஸ். 2019 ஆம் ஆண்டு முந்திய உடைமையாளர் ஒருவரிடமிருந்து வாங்கியது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் அது மாதக்கணக்காகக் கொட்டிலில் நின்றது. மறு ஆண்டில் ஓரிரவு, கண்டி வைத்தியசாலைக்கு நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு அம்பாறை வழியாகப் புறப்பட்டார். பதியத்தலாவையைக் கடந்து மஹியங்கனையை நோக்கிச் செல்கையில் எஞ்சின் நின்றது. வெடியோசையில்லை, புகையில்லை. திறப்பைத் திருப்பியபொழுது ஸ்டார்ட்டர் வழக்கத்தினும் இலேசாக, சுமையிறக்கிய வண்டிச் சில்லுப் போலச் சுழன்றது. யானை நடமாடும் அவ்வீதியில் வேறொரு வண்டி கிடைத்து நோயாளியை அனுப்புதற்கு விடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வானை இழுத்துவந்து கழற்றியபொழுது நானும் கராஜிலிருந்தேன். பட்டி அறுந்து, வால்வுகள் வளைந்து கிடந்தன. “மைல் இன்னும் ஆகல்லியே காக்கா, லைட்டும் பத்தல்லியே” என்றார் உடைமையாளர். கையைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் என்னை நோக்கி, “சேர், செயின் எண்டா கத்திச் சொல்லும். பெல்ட் எண்டா சொல்லாமப் போயிரும். இவரு வாங்கின நாள்ல மாத்தியிருந்தா இது ஒரு நாள் வேலை” என்றார். உடைமையாளர் பொய்யுரைத்தாரல்லர். தூரமானியின் கணக்கு நிரம்பவில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஆயினும் பட்டி அறுந்தது. இவ்விரண்டுங் கூடும் வகை யாதென அறிதற்கு, அப்பட்டி செய்யும் வேலையை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் காற்றை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரிந்த வாயுவால் உந்தப்படுதல், கழிவை வெளியேற்றல் என்னும் நான்கு தொழில்களும் முடிவதற்குக் கிராங்க் தண்டு இருமுறை சுழல வேண்டும். வால்வுகளைத் திறக்கும் காம் தண்டோ அதற்குள் ஒருமுறையே சுழலும். ஆகவே கிராங்க் சில்லின் பற்களைப் போல் இருமடங்கு பற்கள் காம் சில்லில் அமைக்கப்படும். கிராங்க் தண்டு நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கையில் ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 25 முறை திறந்து மூடும். இவ்வேகத்தில் இரு தண்டுகளின் இசைவு ஒரு பல்லளவும் பிசகலாகாது. இவ்விசைவைக் காத்தலே பட்டியின் பணி. டீசல் எஞ்சின்கள் பலவற்றில் எரிபொருளை ஊட்டும் பம்ப்பையும் அதுவே சுழற்றுகின்றது. வேறு சிலவற்றில் நீர்ப் பம்ப்பும் அதன் தலையிலேயே சுமத்தப்பட்டுள்ளது.

எம் முன்னோர் ஓட்டிய மொறிஸ் மைனரிலும் ஒஸ்டினிலும் இப்பட்டி இல்லை. அங்கு உருக்குச் சங்கிலியே இருந்தது. பற்பட்டி முதலில் மோட்டார் வண்டிக்கென ஆக்கப்பட்டதுமன்று. 1940களில் அமெரிக்காவில், தையல் இயந்திரத்தின் ஊசியும் கீழ்நூற் கண்டும் ஒருங்கியங்குதற்பொருட்டு அது வடிவமைக்கப்பட்டது. பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட கார்களுள், எஞ்சினின் தலையிலுள்ள காம் தண்டை இயக்க அதனை முதலிற் கையாண்டது ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்பர். அது 1962 இல் வெளிவந்தது. சங்கிலியினும் ஓசை குறைவு, பாரம் குறைவு, விலை குறைவு, ஒயில் ஊட்ட வேண்டியதில்லை என்னும் நயங்களால் அது உலகெங்கும் பரவிற்று. அந்நயங்களுக்கு ஈடாக அது கேட்ட விலை ஒன்றே: குறித்த காலத்தில் தன்னை மாற்றிவிட வேண்டும் என்பது.

பட்டி அறுந்தால் விளையுந் தீங்கு எல்லா எஞ்சின்களிலும் ஒரே அளவினதன்று. சில எஞ்சின்களில், வால்வு முற்றத் திறந்து நிற்பினும் பிஸ்டனின் உச்சிக்கும் அதற்கும் இடையே வெளி எஞ்சும். அங்கு பட்டி அறுந்தால் வண்டி நிற்கும். புதுப் பட்டி பூட்ட, மீண்டும் ஓடும். எம் வீதிகளில் இன்றும் மிகுதியாகக் காணப்படும் கொரோலா 110 இன் 5ஏ-எஃப்இ எஞ்சின் இவ்வகையைச் சார்ந்தது. ஏனையவற்றில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறைவைத்து ஆள்கின்றன. முறை தவறின் இரண்டும் மோதும். டீசல் எஞ்சினோ பெரும்பாலும் இக்கூட்டத்தினது. ஹைஏஸின் 3எல் எஞ்சின் காற்றைச் சுமார் 22 மடங்கு அழுத்துகின்றது. அத்துணை அழுத்தம் எய்துதற்கு, பிஸ்டன் மேலெழுந்து நிற்கையில் அதன் தலைமேல் எஞ்சும் வெளி மிகச் சிறிதாதல் வேண்டும். திறந்த வால்வு ஒதுங்குதற்கு அங்கு இடமேது? வளைந்த வால்வு தன் வாயிலை மூடாது. மூடாத உருளையில் அழுத்தம் பிறவாது. அன்றிரவு ஸ்டார்ட்டர் இலேசாகச் சுழன்றமைக்குக் காரணம் இதுவே. பட்டி அறுந்ததென்னும் ஐயம் எழுமிடத்து ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் சுழற்றலாகாது என்பதையும் இங்கே சொல்லி வைத்தல் நலம். முதல் மோதலிற் தப்பிய வால்வுகளும் அதனால் வளையக்கூடும்.

ஆகவே, தம் வண்டியில் இருப்பது பட்டியா சங்கிலியா, பட்டியாயின் எஞ்சின் எவ்வகையினது என்பதை ஒவ்வொருவரும் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். வண்டியின் பெயரை மாத்திரம் கொண்டு இதனைத் துணிய முடியாது. கொரோலா 110 இற் பட்டி; அதன்பின் வந்த 121 இற் சங்கிலி. சுசுகி ஆல்டோ 800 இற் பட்டி. அதே குடும்பத்தின் கே10 இற் சங்கிலி. புதிய வண்டியெல்லாம் சங்கிலியே எனச் சிலர் கருதுவதும் பொருந்தாது. அண்மைக் காலத்தில் இங்கு வந்த ஹொண்டா சிவிக்கின் 1.0 லீற்றர் டேர்போ எஞ்சினிற் பட்டியே உண்டு. அதுவும் ஒயிலில் நனைந்தபடி ஓடுவது. மிட்சுபிஷியின் 4டி56 டீசலில் பட்டிகள் இரண்டு. எஞ்சினின் அதிர்வைத் தணிக்கும் தண்டுகளுக்கான சிறு பட்டி அறுந்து, அதன் துண்டு பெரும் பட்டியிற் சிக்கி, அதனையும் கெடுக்கக் கூடும். அவ்வெஞ்சினில் ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவைப்பது சிக்கனமாகாது.

இனி, கணக்கிற்கு வருவோம். உற்பத்தியாளர் இரண்டு எல்லைகள் குறிப்பர்: இத்தனை கிலோமீற்றர், அல்லது இத்தனை ஆண்டு, எது முந்துகின்றதோ அது. பழைய எஞ்சின்களுக்கு 60,000 முதல் 100,000 கிலோமீற்றர் வரையும், பிற்காலத்தன சிலவற்றுக்கு 160,000 க்கு மேலும் எல்லை கூறப்படும். எம்மவர் முதற் பாதியை மனத்திற் கொண்டு, பிற்பாதியை மறந்துவிடுகின்றனர். டொயோட்டா டீசல் வண்டிகள் பலவற்றின் முகப்பில் எரியும் ‘டி-பெல்ட்’ என்னும் விளக்கும் இம்மறதிக்குத் துணை செய்கின்றது. அவ்விளக்குப் பட்டியைக் கண்டு எரிவதன்று. தூரமானி குறித்த எண்ணை அடைந்தமையால் எரிவது. பட்டியின் வயதை அது அறியாது. தூரமானி பின்னோக்கித் திருப்பப்பட்டிருப்பினும், முகப்புப் பகுதியே மாற்றப்பட்டிருப்பினும், விளக்கின் சொல் வெறுஞ்சொல்லாம். பாவித்த நிலையில் இறக்குமதியாகும் வண்டிகளில் தூரமானி திருப்பப்படுதல் நம் நாட்டில் அரிய செய்தியன்று.

தூரமானி நேர்மையாக இருப்பினுங்கூட, பட்டி எண்ணுவது கிலோமீற்றரையன்று, சுழற்சியை. இதனைச் சிறு கணக்கொன்றாற் காட்டலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கிராங்க் தண்டு நிமிடத்துக்கு 2,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு கிலோமீற்றருக்கு 2,000 சுழற்சி. 100,000 கிலோமீற்றருக்கு 20 கோடி. அதே எஞ்சின் நின்றபடி ஓடுகையில் நிமிடத்துக்கு 750 முறை சுழலுமாயின், ஒரு மணித்தியாலத்தில் 45,000 சுழற்சி நிகழும். அஃதாவது, சில்லு அசையாமலே 22.5 கிலோமீற்றர் கழிகின்றது. பாலமுனையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் வாடகை வானின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். ஏ4 வீதியால் 350 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகின்றது. பின்னர், பயணிகள் அலுவல் முடித்துத் திரும்பும்வரை குளிரூட்டியை இயக்கிக்கொண்டு தெருவோரத்தில் நிற்கின்றது. நாளொன்றுக்கு 2 மணித்தியாலம், ஆண்டுக்கு 300 நாள் எனின், 2 கோடியே 70 இலட்சம் சுழற்சி. 13,500 கிலோமீற்றருக்கு நிகர். ஐந்தாண்டில் 67,500 கிலோமீற்றர் தூரமானியில் ஏறாமலே பட்டியில் ஏறிவிடும். நின்றபடி ஓடுகையிற் பட்டியின் சுமை குறைவென்பது மெய்யே. ஆனால் காற்றோட்டமின்மையால் எஞ்சினைச் சூழ்ந்த வெப்பம் அப்பொழுதுதான் மிகுகின்றது. வெப்பமே இறப்பருக்குப் பகை.

வெப்பம் பற்றி உற்பத்தியாளரும் அறியாதவரல்லர். ஹொண்டா நிறுவனம் வட அமெரிக்காவில் விற்ற கார்கள் பலவற்றுக்குச் சுமார் 168,000 கிலோமீற்றர் அல்லது 7 ஆண்டு என எல்லை வகுத்தது. ஆயினும் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வழக்கமாக ஓடும் வண்டிக்கு அதனைச் சுமார் 96,000 கிலோமீற்றராகக் குறைத்தது. எம் கரையோரம் நாள்தோறும் 43 பாகையை எட்டுவதில்லை. அவ்விதி சொல்லுக்குச் சொல் எம்மைச் சாராது. எனினும், நண்பகல் வெயிலிற் சுமையோடு ஓடி, பின் நின்றபடியே இயங்கும் வானை, குளிர்நாட்டு நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும் காரோடு ஒப்பவைத்தல் நியாயமாகுமோ? நூலிற் குறித்த எல்லையில் நான்கில் ஒன்றையேனும் இத்தகைய வண்டிக்குக் குறைத்துக்கொள்ளல் என் கருத்து.

ஓடாமல் நின்ற வண்டிக்கும் இக்கணக்கில் விலக்கில்லை. இறப்பர் உயிர்வளியாலும் வெப்பத்தாலும் நாள்தோறும் இறுகுகின்றது. ஓடினாலும் இறுகும், ஓய்ந்தாலும் இறுகும். மேலும், சிறு பற்சில்லைச் சுற்றி வளைந்த நிலையிலேயே மாதக்கணக்காகக் கிடந்த பட்டி, அவ்வளைவைத் தன் இயல்பாகக் கொள்ளத் தலைப்படும். 2022 இல் வரிசையிலும் கொட்டிலிலும் நின்ற வண்டிகளின் உடைமையாளர் பலர், தூரமானி அசையாமையைக் கண்டு, பட்டியின் ஆயுளும் அசையவில்லை என எண்ணிக்கொண்டனர். இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் விற்று மாற்றப்பட்டிருக்கக் கூடிய பழைய வண்டிகள் வீட்டிலேயே தங்கின. அவற்றின் பட்டிகளும் தங்கின.

கண்ணாற் பார்த்துத் துணியலாகாதோ எனின், ஒரளவு கூடும். மேல் மூடியின் சில ஆணிகளைக் கழற்றினாற் பட்டியின் ஒரு பகுதி தெரியும். எஞ்சினைக் கையால், அதன் இயல்பான திசையிலேயே மெல்லச் சுழற்றின் முழுவதும் காணலாம். பல்லின் அடியில் வெடிப்பு, முதுகிற் பளபளப்பு, ஓரத்தில் நூற்பிசிர், ஒயிற் கசிவு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மேலும் ஆராய வேண்டியதில்லை, மாற்றவே வேண்டும். ஒயில் பட்ட பட்டியைத் துடைத்து ஓட்டுதல் அறியாமை. கசியும் சீலையும் பட்டியையும் ஒருங்கே மாற்றுதல் முறை. ஆனால், ஒன்றும் காணாமையைக் கொண்டு பட்டி நலமுடையது எனத் துணிதல் இக்காலத்திற் பொருந்தாது. முற்காலத்துப் பட்டிகள் நியோபிரீன் என்னும் செயற்கை இறப்பரால் ஆனவை. முதுமையில் அவை வெடித்துக் காட்டின. 1980களின் பின் வழக்கில் வந்த ஐதரசனேற்றிய நைத்திரைல் இறப்பர் வெப்பத்தை மிக நன்றாகத் தாங்கும். வெடிப்பையோ எளிதிற் காட்டாது. உள்ளே கண்ணாடி இழைகள் நலிந்திருக்க, வெளியே தோற்றம் பொலிவாகவே இருக்கும். பழைய பட்டியைப் பார்த்துப் பழகிய கண் புதிய பட்டியில் ஏமாறுவது இதனாலேயே.

எம் நிலத்துக்கே உரிய குறையொன்றையும் விடுதல் கூடாது. கழற்றிய மூடியைத் திரும்பப் பூட்டுகையில், எட்டாத ஆணிகள் இரண்டொன்றை விட்டுவிடுதல் கராஜ்களில் வழக்கமாகிவிட்டது. ஒருபுறம் கடல்மணல், மறுபுறம் அறுவடைக் காலத்து வயற்புழுதி. திறந்த மூடியினூடே புகும் மணல் பட்டியின் பல்லுக்கும் சில்லுக்கும் இடையே அரம் போல வேலை செய்யும்.

இனி, ஒத்திவைத்தலின் விலையை நோக்குவோம். பட்டி மாற்றும் செலவை 1 எனவும், வால்வு வளைந்து ஹெட் கழற்றப்படின் ஆகும் மேலதிகச் செலவை 8 எனவும், பட்டியின் ஆயுள் எல்லையை 7 ஆண்டு எனவும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எல்லை வந்தபின் ஓராண்டு ஒத்திவைப்பவன் மிச்சப்படுத்துவது முழுச் செலவையன்று. அதன் ஏழிலொரு பங்கை மாத்திரமே. அவ்வேழிலொரு பங்கிற்காக அவன் பணயம் வைப்பது 8 பங்கு. அவ்வாண்டில் பட்டி அறுவதற்கான வாய்ப்பு 56 இல் ஒன்றுக்குக் குறைவாயினன்றி அது நட்டமே. வால்வு மோதாத எஞ்சினில், அறுந்தால் வண்டியை இழுத்துவரும் செலவு அரைப்பங்கு எனின், வாய்ப்பு 7 இல் 2 வரையிலும் ஒத்திவைத்தல் பணக்கணக்கிற் குற்றமாகாது. கொரோலா 110 ஐ ஊருக்குள் ஓட்டும் ஆசிரியர் சற்றுப் பொறுக்கலாம். டீசல் வானை மலைவீதியில் ஓட்டுபவர் பொறுத்தல் ஆகாது. நள்ளிரவில் வானுள் இருந்த நோயாளியோ இக்கணக்கின் எந்த எண்ணிலும் அடங்காதவர்.

மறுபக்கத்தையும் சொல்லுதல் நடுவுநிலைமை. அச்சத்தினால் 30,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பட்டியை மாற்றுவோரும் உளர். ஒவ்வொருமுறை திறக்கும்போதும், ஒரு பல் தவறிப் பூட்டுதல், போலி உதிரிப்பாகம் நுழைதல் ஆகிய புதிய இடர்கள் தோன்றுகின்றன. நன்றாக ஓடும் நற்பட்டியைக் கழற்றி, அதனிடத்தில் ஐயத்துக்குரியதொன்றைப் பூட்டுதல் அறிவுடைமையன்று. ஆனால் வேறு காரணத்துக்காக அப்பகுதி திறக்கப்பட்டு, பட்டியின் ஆயுள் பாதிக்கு மேற் கழிந்திருப்பின், பழைய பட்டியைத் திரும்பப் பூட்டாது புதியதை இடுவதே நன்று. கூலி ஏற்கெனவே கொடுத்தாயிற்றன்றோ. பட்டியை மாற்றுகையில் அதனை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும், பட்டியால் ஓடுவதாயின் நீர்ப் பம்ப்பையும் உடன் மாற்றுதல் வேண்டும். புதுப் பட்டியின் ஆயுள், அது சுற்றிச் செல்லும் மிகப் பழைய பேரிங்கின் ஆயுளை விஞ்சாது.

எஞ்சுவது ஒரு வினா. கைமாறி வாங்கிய வண்டியில், பட்டி எப்பொழுது மாற்றப்பட்டதென்னும் பதிவு இல்லையாயின் என் செய்வது? விற்றவர் “போன வருசந்தான் மாத்தின” என்பார். அவர் சொல்லை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பற்றுச்சீட்டோ, மூடியில் எழுதிய திகதியோ சான்றாக இல்லாவிடத்து, எல்லை கடந்ததாகவே கொள்ளல் வேண்டும். வாங்கும் விலையிலேயே பட்டி மாற்றும் செலவைச் சேர்த்துப் பேசுதல் எளிது. 2019 இல் என் அயலவர் வானை வாங்கிய நாளிற் செய்யத் தவறியது இதுவொன்றே. அன்று அவர் பார்த்தது தூரமானியை; பார்க்க வேண்டியிருந்தது பதிவை.

அவ்வான் இன்றும் ஓடுகின்றது. ஹெட் வேலைக்கென அவர் கடன்பட்ட தொகையைக் கட்டித் தீர்க்க ஓராண்டுக்கு மேலாயிற்று. அண்மையில் பாலமுனைக்குச் சென்றிருந்தபொழுது ஆசனத்தை உயர்த்தி எஞ்சினைக் காட்டினார். பட்டி மூடியின் ஆணிகள் எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன. மூடியின்மேல், பட்டி பூட்டிய திகதியும் அன்றைய தூரமானி எண்ணும் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதப்பட்டிருந்தன. அவற்றின் கீழே, எண்ணின்றி ஆண்டு மாத்திரம்: 2028.